படகுக்கும் சொத்தைப் பல் வரும்!

போடியில இருந்து 17 கொண்டை ஊசி வளைவையும் வாந்தி எடுக்காம ஏறி முடிச்சிட்டீங்களா? சபாஷ்! போடிமெட்டுல இறங்கி ஒரு டீ சொல்லுங்க. சுமார் 4,500 அடி உயரம், முகத்துல அடிக்கிற பனி, எங்கிருந்தோ வர்ற ஏலக்காய் வாசம்... இந்த இடத்துல நின்னுக்கிட்டு படகு ரிப்பேர் பத்திப் பேசினா, 'மலை ஏறினதுல மண்டையில ஏதோ ஆயிடுச்சு'ன்னுதான் நினைப்பீங்க.

ஆனா, நிக்கிற ரோட்டைக் கொஞ்சம் கவனிங்க பாஸ். தேசிய நெடுஞ்சாலை 85. பழைய ஆளுங்களுக்கு இது என்.எச். 49. கொச்சியில அரபிக்கடல் ஓரமா கிளம்பி, மூணாறு வழியா மூச்சு வாங்க ஏறி, போடிமெட்டைத் தாண்டி, தேனி, மதுரை, சிவகங்கைனு இறங்கி, தொண்டியில போய்க் கடலைத் தொட்டு நிக்குது. ரெண்டு முனையிலும் கடல், ரெண்டு முனையிலும் ஃபைபர் படகுங்க. நடுவுல இருக்குற மலையும் விதிவிலக்கு இல்ல. மூணாறுக்கு காலேஜ் டூர் போனவங்க மாட்டுப்பட்டி அணையில ஸ்பீடு போட் ஏறாம திரும்பியிருக்க மாட்டீங்களே!

அந்த ஸ்பீடு போட்ல எல்லாரும் முன்னாடி பார்த்துக் கத்தியிருப்பீங்க. ஒரே ஒரு தடவை பின்னால திரும்பிப் பார்த்திருந்தா, எஞ்சினை மாட்டித் தொங்கவிட்டிருந்த செங்குத்தான சுவர் கண்ணுல பட்டிருக்கும். அதுக்குப் பேரு டிரான்சம். படகோட முன்மூக்கை நம்ம மீனவர்கள் 'அணியம்'னு அழகா சொல்வாங்க. இந்தப் பின்சுவரை நாம 'பின்பலகை'ன்னே வெச்சுக்கலாம். இந்தக் கட்டுரையோட ஹீரோ அதுதான். வில்லனும் அதுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கான்.

பிஸ்கட்டும் க்ரீமும்

'ஃபைபர் படகுல பலகை எங்கிருந்து வந்துச்சு?' நல்ல கேள்வி. பேருதான் ஃபைபர் படகு. பின்சுவரை வெட்டிப் பார்த்தா க்ரீம் பிஸ்கட் மாதிரி இருக்கும். வெளியே ஒரு ஃபைபர் தோல், உள்ளே ஒரு ஃபைபர் தோல், நடுவுல ஒன்றரை முதல் ரெண்டு அங்குலத்துக்கு பிளைவுட். படகு வாங்குறவர் கண்ணுக்குத் தெரியுறது தோல் மட்டும்தான்.

ஏன் இந்த ஏற்பாடு? கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தா சீக்கிரம் கிழியாது, ஆனா மெல்லிசா இருந்தா வளையும். ஒரு தகட்டோட கனத்தை ரெண்டு மடங்காக்கினா அதோட விறைப்பு எட்டு மடங்கு ஏறும்னு மெக்கானிக்கல், சிவில் படிக்கிற மச்சிகளுக்குத் தெரியும். அவ்வளவு கனத்தையும் ஃபைபர்லயே கட்டினா காசும் எடையும் எகிறிடும். அதனால நடுவுல மரத்தை வெச்சு கனத்தைக் கூட்டிக்கிட்டாங்க. அமெரிக்காவுல ரே கிரீன் 1942-ல கண்ணாடி இழையில படகு செஞ்சு பார்த்த காலத்துக்குப் பிறகு, உலகம் முழுக்க ஃபைபர் படகு பெருகினப்ப இந்த மர நடுப்பகுதியும் கூடவே பரவிடுச்சு.

பின்பலகை படுற பாட்டையும் பாருங்க. 40 குதிரைசக்தி அவுட்போர்டு எஞ்சின் 70 கிலோவுக்கு மேல இருக்கும். அது மேல் விளிம்புல கவ்விக்கிட்டு நிக்குது. படகைத் தள்ளுற புரொப்பல்லரோ அரை மீட்டருக்கும் கீழே, தண்ணிக்குள்ள. நெம்புகோல் மாதிரி ஒவ்வொரு தடவை ஆக்சிலரேட்டரைத் திருகும்போதும் பலகை மேலயும் கீழயும் முறுக்கப்படுது. அலை மேல ஏறி 'டப்'னு விழும்போது இன்னும் மோசம். நடுவுல இருக்குற மரம் நல்லா இருக்கற வரைக்கும் இதெல்லாம் ஜுஜுபி. அந்த மரம் மக்கிட்டா? ரெண்டு மெல்லிசு தோல் மட்டும்தான் எஞ்சினைத் தாங்குது. ஒரு நாள் பலகையோட எஞ்சினும் கடலுக்குள்ள போகும். பின்னால திறந்த படகுக்குள்ள தண்ணி வரும். கரை எத்தனை கிலோமீட்டர் தூரத்துல இருக்குங்கறதைப் பொறுத்துதான் அதுக்கப்புறம் என்ன ஆகும்னு சொல்ல முடியும்.

சொத்தைப் பல் கணக்குதான் இது. வெளியே வெள்ளை வெளேர்னு எனாமல், உள்ளே கூழ்.

ஏலக்காய்க்காரங்களுக்கு இது ஈஸி!

மரத்தை மக்க வைக்கிறது தண்ணி இல்ல, பூஞ்சை. தண்ணி அதுக்கு வாசல் திறந்து விடுது, அவ்வளவுதான். இதைச் சென்னைப் பசங்களுக்குப் புரிய வைக்க நேரமாகும். போடிப் பசங்களுக்கு ஒரே வரி போதும். பறிச்ச ஏலக்காயை ஏன் ஸ்டோர்ல போட்டு ராத்திரி பூரா சூடு காட்டுறாங்க? பச்சைக் காய்ல 80 சதவீதம் வரைக்கும் ஈரம். அதை 10 சதவீதம் பக்கமா இறக்கலைன்னா மூட்டைக்குள்ளேயே பூஞ்சை பிடிச்சு, ஏலத்துல ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. மரமும் அப்படித்தான். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தா பூஞ்சை தலை தூக்காது. அதைத் தாண்டி ஏறி, காத்தும் கதகதப்பும் சேர்ந்துட்டா அதுக்குத் தீபாவளி!

இங்கதான் ஒரு ட்விஸ்ட். மரத்தை மக்க வைக்கிறதுல உப்புத்தண்ணியை விட நல்ல தண்ணிதான் பெரிய எமன். உப்பு இருக்குற இடத்துல மரம் மக்க வைக்கிற பூஞ்சை அவ்வளவு சுலபமா வளராது. அந்தக் காலத்துல மரக்கப்பல் கட்டினவங்க சட்டங்களுக்கு நடுவுல உப்பைக் கொட்டி அடைச்சு வெச்சதே இதுக்குத்தான். அதனால கடல்ல ஓடுற படகுக்கும் உண்மையான ஆபத்து, கரையில கவிழ்க்காம விட்டப்ப உள்ளே தேங்குற மழைத்தண்ணி. மலை ஏரிப் படகுக்கோ மழையும் நல்ல தண்ணி, மிதக்கறதும் நல்ல தண்ணி. உப்போட பாதுகாப்பு துளிகூடக் கிடையாது. ஏலமலைப் பக்கம் மழை எப்படிப் பெய்யும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

சரி, ஃபைபர் தோலைத் தாண்டி தண்ணி எப்படி உள்ளே போச்சு? நாமதான் ஓட்டை போட்டுக் கொடுத்தோம். எஞ்சினை இறுக்க நாலு போல்ட். தண்ணி வடிக்க ஒரு துளை. மீன் தேடுற கருவியோட சென்சாரை மாட்ட ரெண்டு ஸ்க்ரூ. ஏணிக்கு நாலு ஸ்க்ரூ. ஒவ்வொரு துளையும் ஃபைபரைத் தாண்டி நேரா மரத்துக்குள்ள இறங்குது. சுத்தி சீலன்ட் வைக்காம, 'இறுக்கிட்டாப் போதும்'னு முடுக்கின ஒரே ஒரு ஸ்க்ரூ போதும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இல்ல. ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் தோலாச்சே!

கட்டுமரம் சொன்ன ரகசியம்

நம்ம கட்டுமரத்துக்கு இந்த வியாதி வராது. கரைக்கு வந்ததும் கயித்தை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியா மணல்ல போட்டுக் காய வைப்பாங்க. நனையுறதும் காயுறதும் அதுக்குத் தினசரி டைம்டேபிள். மரத்தைக் காத்தாட விட்டதுதான் அதோட ஆயுளுக்குக் காரணம். (உலகமே 'கேடமரன்'னு சொல்ற வார்த்தை நம்ம கட்டுமரத்துல இருந்து போனதுங்கறதை இன்னொரு தடவை காலரைத் தூக்கிவிட்டுச் சொல்லிக்கலாம்.) கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துல 1980-கள்ல வந்த மரைன் பிளைவுட் படகுகள்லகூட மரம் கண்ணுக்குத் தெரிஞ்சது. கறுத்தா கவனிக்கலாம். ஃபைபர் படகுலதான் மரத்தை உள்ளே வெச்சுப் பூட்டிட்டு சாவியைத் தூக்கிப் போட்டுட்டோம்.

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல உயிர்களைச் சுனாமி கொண்டுபோச்சு. மிஞ்சினவங்களோட கட்டுமரமும் வள்ளமும் சுக்குநூறு. அடுத்த ஓரிரு வருஷத்துல அரசும் தொண்டு நிறுவனங்களும் ஆயிரக்கணக்குல ஃபைபர் படகுகளைக் கொடுத்தாங்க. கிழக்குக் கடற்கரை முழுக்கப் படகுப் பட்டறைகள் காளான் மாதிரி முளைச்சுது. அவசரம், ஆர்டர் மேல ஆர்டர். தரம் எப்படி இருக்குமோன்னு அப்பவே மீனவர் அமைப்புகளும் ஐ.நா.வோட உணவு, வேளாண்மை அமைப்பும் கவலைப்பட்டதுண்டு. அந்தப் படகுகளுக்கு இப்ப 20 வயசு. நம்ம காலேஜ் செட்டு வயசுதான்!

இதுல ஓடு பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். கண்ணாடி இழையும் ரெசினும் அவ்வளவு சீக்கிரம் அழியாது. அழியாதுங்கறதே ஒரு தலைவலி. ஒரு தடவை இறுகின பாலியஸ்டர் ரெசினை மறுபடி உருக்க முடியாது. வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியுமா? அந்தக் கதைதான். பின்பலகை போச்சுன்னு ஒரு படகை ஒதுக்கினா, ஓடு கடற்கரையில பல வருஷம் அப்படியே கிடக்கும். புதுப் படகுன்னா லட்சங்கள். பழைய படகுக்குப் புதுப் பின்பலகைன்னா செலவு அதுல ஒரு பங்கு. ஒரு குடும்பத்துக்கு இது சின்ன வித்தியாசமில்ல.

தட்டிப் பாரு தெரியும் சேதி

மக்கிடுச்சான்னு எப்படித் தெரியும்? பெரிய மெஷின் எதுவும் வேணாம். ஒரு சின்ன சுத்தியல், இல்லாட்டி ஸ்க்ரூ டிரைவரோட கைப்பிடி. ஓரத்துல ஆரம்பிச்சு ஒரு சாணுக்கு ஒரு தட்டு. நல்ல இடம்னா 'டங்'னு கணீர்னு பேசும். மக்கின இடம் 'தொப்'னு விழுங்கும். பலாப்பழம் தட்டிப் பார்த்த காது போதும்.

அடுத்து, எஞ்சினோட கீழ் முனையைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க. எஞ்சின் ஆடினா பரவாயில்ல, அது ஆடத்தான் செய்யும். கூடவே பின்பலகையும் மூச்சு விடுற மாதிரி உள்ளே வெளியே போய் வந்தா மேட்டர் சீரியஸ். மூலைகள்ல மயிரிழை வெடிப்பு, போல்ட் துளையில இருந்து பழுப்பு நிறத்துல கசிவு, எஞ்சின் கவ்வின இடத்துல பள்ளம்... எல்லாமே ஒரே கதையைத்தான் சொல்லுது.

சந்தேகம் தீரலையா? உள்பக்கமா, அடியில ஒரு சின்ன துளை போட்டு டிரில் பிட்டுல வர்ற தூளைப் பாருங்க. வெளிர் நிறமா, உதிரியா வந்தா நிம்மதி. கறுப்பா, ஈரமா, காபித்தூள் டிகாக்‌ஷன் இறங்கின பிறகு இருக்கற மாதிரி வந்தா... புரிஞ்சிருக்கும். பார்த்ததும் அந்தத் துளையை எபாக்ஸி வெச்சு அடைக்க மறந்துடாதீங்க. நோயைக் கண்டுபிடிக்கப் போட்ட ஓட்டையே அடுத்த நோய்க்கு வாசலாகக் கூடாது.

இந்த இடத்துலதான் நம்ம ஊர் வசனம் ஒண்ணு வரும்: 'இந்த ஒரு சீசன் ஓட்டிட்டுப் பார்த்துக்கலாம் மாப்ள.' மேல பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கறது, அலுமினியத் தகடு வெச்சு போல்ட் போட்டு இறுக்கறது, துளை வழியா ரெசினை ஊத்தி 'உள்ளே போய் இறுகிடும்'னு நம்பறதுன்னு சில குறுக்கு வழிகளும் உண்டு. கடைசி வழி கேட்க நல்லாருக்கும். ஆனா ஈரத்துல ஊறின மரம் ரெசினைக் குடிக்காது. நாலு இடத்துல இறுகிட்டு நாப்பது இடத்துல கூழாவே இருக்கும். தகடு வெச்சா இன்னும் நாலு புதுத் துளைதான் மிச்சம். சொத்தைப் பல்லுக்கு மேல பேஸ்ட் தடவுற வேலை இதெல்லாம். மக்கினது பாதிக்கு மேலன்னா மொத்தமா பிடுங்கிட்டுப் புதுசு வைக்கறதுதான் ஒரே வழி.

ஆபரேஷன் ஆரம்பம்

முதல் வேலை, எஞ்சினைக் கழட்டறது. ரெண்டாவது, படகைச் சமமா, பல இடத்துல தாங்கு கொடுத்து நிக்க வைக்கறது. இதை அலட்சியம் பண்ணிட்டு பின்சுவரைப் பிச்சா, ஓடு கொஞ்சம் விரியும் இல்லாட்டி முறுக்கும். அந்தக் கோணல்லயே புதுப் பலகையை ஒட்டிட்டா படகு ஆயுசுக்கும் ஒரு பக்கமா இழுக்கும். ரெண்டு பக்கச் சுவருக்கும் நடுவுல ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்துட்டா நல்லது.

மூணாவது, அளவு. பிரிக்கறதுக்கு முன்னாடியே அட்டையில அச்சு வெட்டி வெச்சுக்குங்க. முக்கியமா ரெண்டு அளவு. ஒண்ணு, பலகையோட சாய்வு. அவுட்போர்டு படகுகள்ல செங்குத்துல இருந்து சுமார் 12 முதல் 14 டிகிரி பின்னால சாய்ஞ்சிருக்கும். இன்னொண்ணு, எஞ்சின் உக்கார்ற இடத்தோட உயரம். ஷார்ட் ஷாஃப்ட்டுன்னா சுமார் 15 அங்குலம், லாங் ஷாஃப்ட்டுன்னா 20. இது மாறினா புரொப்பல்லர் காத்தைக் குடிக்கும், இல்லாட்டி ஆழத்துல இழுபடும்.

அப்புறம் கிரைண்டர். படகுக்கு உள்பக்கத் தோலை ஓரத்துல ரெண்டு மூணு அங்குலம் விட்டு வெட்டி எடுப்பாங்க. வெளித்தோல் அப்படியே இருக்கும், புதுப் பலகைக்கு அதுதான் அச்சு. வெட்டினதும் வர்ற காட்சியைச் சாப்பிட்டுட்டுப் பார்க்காதீங்க. மேல் பாதி உளியால பெயர்க்க வேண்டியிருக்கும், கீழ் பாதியைக் கையாலயே அள்ளலாம். வாசனை வேற! எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு, நல்லாக் காய விடணும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, கைக்கும் கண்ணுக்கும் சுத்தமா காய்ஞ்சதுன்னு தெரியுற வரைக்கும். வேலை நல்லா வர்றதும் கெட்டுப்போறதும் இந்தக் காத்திருப்புலதான். வடகிழக்குப் பருவமழை கொட்டுற ஐப்பசி, கார்த்திகையில இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கறது சுத்த வேஸ்ட். விசைப்படகுக்காரங்களுக்காவது ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் தடைக்காலம் இருக்கு, பழுது பார்க்க நேரம் கிடைக்கும். சின்ன ஃபைபர் படகுக்கு அந்தக் கட்டாய லீவும் இல்ல. வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் சம்பாத்தியம் போச்சு. அவசரப்பட்டு ஈரத்து மேலயே ஒட்டறதுக்கு முக்கியமான காரணம் இந்த நெருக்கடிதான். யாரையும் திட்டிப் பிரயோஜனமில்ல.

புதுப் பலகைக்குக் கடையில 'வாட்டர் ப்ரூஃப் பிளைவுட் கொடுங்க'ன்னு கேட்காதீங்க. ஐ.எஸ். 710 முத்திரை இருக்கற மரைன் பிளைவுட்டானு பாருங்க. இந்த ரகத்தோட பசை, கொதிக்கிற தண்ணியில 72 மணி நேரம் போட்டாலும் பிரியக்கூடாதுங்கறது சோதனை. ஆனா, பசை பிரியாதுங்கறது வேற, மரம் மக்காதுங்கறது வேற. கொதிநீர் சோதனையில பாஸான பிளைவுட்டும் திறந்த துளை வழியா தினமும் நனைஞ்சா மக்கத்தான் செய்யும். 18 மி.மீ. பலகை ரெண்டை, நடுவுல ரெசின்ல ஊறின மேட் வெச்சு ஒட்டினா பழைய கனம் வந்துடும். வெளிநாடுகள்ல மரமே இல்லாம ஃபோம் பலகை வைக்கறாங்க. நல்ல விஷயம், விலைதான் பயமுறுத்துது.

பலகையோட ரெண்டு முகத்துலயும், முக்கியமா நாலு ஓரத்துலயும் ரெசினை ஊட்டணும். பிளைவுட் தண்ணி குடிக்கறது முகத்தால இல்ல, ஓரத்தால. வெளித்தோலோட உள்முகத்தை நல்லா உரசி, ரெசின்ல ஊறின மேட் ரெண்டு அடுக்கு வெச்சு, அது மேல பலகையை வெச்சு அழுத்தி கிளாம்ப் போட்டு இறுக்குவாங்க. ஓரங்கள்ல ரெசின் பிதுங்கி வரணும். பிதுங்கலைன்னா நடுவுல எங்கேயோ காத்து இருக்குன்னு அர்த்தம். அந்த வெற்றிடம்தான் நாளைக்குத் தண்ணித் தொட்டி.

பலகையும் ஓடும் சேர்ற மூலையை ரெசின் பேஸ்ட் வெச்சு வளைவா மெழுகணும். செங்கோண மூலையில கண்ணாடி மேட் மடங்கி உக்காராது. அதுக்கப்புறம் மேட், ரோவிங், மேட், ரோவிங்னு மாத்தி மாத்தி அடுக்கு. பக்கச் சுவரிலயும் அடியிலயும் ஆறேழு அங்குலம் ஏறி உக்காரணும். பழைய ஃபைபரை அப்படியே வெட்டின விளிம்போட ஒட்டாம, ஒரு பங்கு கனத்துக்குப் 12 பங்கு நீளமா சரிவா தேய்ச்சு அது மேல ஏத்தணும். 5 மி.மீ. தோல்னா 60 மி.மீ. சரிவு. ஒட்டுற பரப்பு அதிகமானாத்தான் பிடி இறுகும். ஒரே மூச்சுல எல்லா அடுக்கையும் போட்டா ரெசின் கொதிச்சு வெடிப்பு விடும். மூணு நாலு அடுக்கு, ஓய்வு, மறுபடி மூணு நாலு. மேட்டோட எடைக்கு ரெண்டு, ரெண்டரை மடங்கு ரெசின் போதும். 'நிறைய ஊத்தினா ஸ்ட்ராங்'ங்கறது தப்புக் கணக்கு. பலத்தைக் கொடுக்கறது கண்ணாடி இழை, ரெசின் அதைப் பிடிச்சு வைக்குது.

பாலியஸ்டரா எபாக்ஸியா? பழைய ஃபைபர் மேல எபாக்ஸி நல்லாப் பிடிக்கும், விலையும் நல்லாவே பிடிக்கும். பட்டறைகள்ல பாலியஸ்டர்தான் ராஜா. ஒழுங்கா உரசி, ஒழுங்கா காய விட்டா அதுவே பல வருஷம் தாங்கும்.

கண்ணு பத்திரம்!

ஜாலியா சொல்லிட்டு வந்தாலும் இந்த விஷயத்துல ஜோக் கிடையாது. பாலியஸ்டர் ரெசினை இறுக வைக்க ரெண்டு பொருள் சேர்ப்பாங்க. ஒண்ணு கோபால்ட், இன்னொண்ணு எம்.இ.கே.பி.ங்கற கேட்டலிஸ்ட். ஒரு கிலோ ரெசினுக்குச் சுமார் 10 முதல் 20 கிராம்தான் கேட்டலிஸ்ட். இந்த ரெண்டையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலந்தா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதல்ல ஒண்ணை ரெசின்ல நல்லாக் கலக்கி முடிச்ச பிறகுதான் இன்னொண்ணு. எம்.இ.கே.பி. ஒரு சொட்டு கண்ணுல தெறிச்சா பார்வையே போகலாம். கண்ணாடி போடாம இந்த வேலையில இறங்கவே கூடாது. தேய்க்கும்போது பறக்கற கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ரெசின்ல இருந்து வர்ற ஸ்டைரீன் ஆவி தலையைச் சுத்த வைக்கும், கைக்குட்டை கட்டினா அது நிக்காது, ஆவியை வடிகட்டுற மாஸ்க் வேணும். மிச்ச ரெசினை டப்பாவோட மூலையில வெச்சுட்டுப் போனா அதுவே சூடாகிப் புகையும். பனியனும் வெறும் கையுமா இந்த வேலையைச் செய்யுற அண்ணன்களைப் பார்த்தா திறமையில அசந்து போவோம். ஆனா அவங்களுக்கு ஒரு கண்ணாடியும் மாஸ்க்கும் வாங்கிக் கொடுக்கறது பட்டறை முதலாளியோட கடமை.

ஓட்டைக்குள்ள ஓட்டை

எல்லாம் இறுகியாச்சு. இப்ப எஞ்சினை மாட்ட மறுபடி போல்ட் துளை போட்டாகணுமே? பழைய குருடி கதவைத் திறடியா? இதுக்கு ஒரு சூப்பர் டெக்னிக் இருக்கு. 12 மி.மீ. போல்ட்டுக்கு 12-ல துளை போடாம, ஒரு 20 மி.மீ. துளை போடுங்க. அதை முழுக்கக் கெட்டியான எபாக்ஸி பேஸ்ட்டால அடைச்சு இறுக விடுங்க. அப்புறம் அதோட நடுவுல 12 மி.மீ. துளை. இப்ப போல்ட்டைச் சுத்தி எபாக்ஸிக் குழாய், அது மரத்தைத் தொடவே தொடாது. நாளைக்கு சீலன்ட் தேய்ஞ்சு தண்ணி வந்தாலும் இந்தக் குழாயோட நின்னுடும். வடிகால் துளைக்கும், ஒரு சின்ன ஸ்க்ரூவுக்கும்கூட இதே வைத்தியம்தான். இவ்வளவு பெரிய ஆபரேஷன்ல, அடுத்த 20 வருஷத்தைத் தீர்மானிக்கறது இந்த அரை மணி நேர வேலை. இதை விட்டுட்டு மத்ததை எல்லாம் பிரமாதமா செஞ்சாலும் பழையபடி ஈரம் உள்ளே போகும்.

மலைக்குப் படகு ஏத்துறவங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா டிப்ஸ். போடிமெட்டு வளைவுகள்ல எஞ்சினைப் பின்னால மாட்டித் தூக்கி நிறுத்தியபடியே படகை டிரெய்லர்ல கொண்டு போனா, ஒவ்வொரு குலுக்கலும் நெம்புகோலா பின்பலகையைத் தாக்கும். தண்ணியில படாத அடி ரோட்டுல படும். எஞ்சினைத் தனியா கழட்டி ஏத்துங்க, இல்லாட்டி கீழ் முனைக்கு முட்டுக் கொடுங்க.

டூரிஸ்ட்டா ஏறுற நமக்கு எதுக்கு இதெல்லாம்? நம்ம பக்கத்துத் தேக்கடியில 2009 செப்டம்பர் 30-ம் தேதி 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. தமிழ்நாட்டுக்காரங்களும் அதுல உண்டு. அதுவும் ஃபைபர் படகுதான். அங்கே பிரச்னை பின்பலகை இல்ல. படகோட நிலைத்தன்மையும், ஆட்கள் ஒரே பக்கமா திரண்டதும்தான் பேசப்பட்டது. ஆனா பளபளன்னு இருந்த ஒரு படகோட உள்விஷயம் ஏறினவங்க யாருக்கும் தெரியலைங்கறது மட்டும் பொதுவானது. லைஃப் ஜாக்கெட் கொடுக்கறாங்களா, எத்தனை பேரை ஏத்தறாங்கன்னு பார்க்கறதோட, பின்னால எஞ்சின் மாட்டின இடத்தையும் ஒரு பார்வை பாருங்க. பழுப்புக் கசிவும் வெடிப்பும் தெரிஞ்சா தைரியமா கேளுங்க. 'என்னடா பொறியாளர் மாதிரி கேக்குறான்'னு முறைச்சாலும் பரவாயில்ல.

நிஜமாவே பொறியாளர் ஆகப்போறவங்களுக்கு இதுல வேலையும் இருக்கு. போடி அரசு பொறியியல் கல்லூரியில மெக்கானிக்கல் படிக்கறவங்க பாடத்துல வர்ற காம்போசிட் மெட்டீரியல்ஸ், கடற்கரைப் பட்டறையில தினமும் நடக்கற சமாச்சாரம்தான். ஆழமா போகணும்னா சென்னை ஐ.ஐ.டி.யில ஓஷன் இன்ஜினீயரிங், கொச்சி குசாட்ல ஷிப் டெக்னாலஜி, நாகப்பட்டினத்துல மீன்வளப் பல்கலைக்கழகத்தோட மீன்வளப் பொறியியல் கல்லூரி. பிளாஸ்டிக் பக்கம்னா கிண்டி சிப்பெட். கொச்சியில இருக்கற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், பதப்படுத்தின ரப்பர் மரத்துல படகு செஞ்சு மேல ஃபைபர் போர்த்திப் பார்த்த இடம். போடிமெட்டுல இருந்து இதே ரோட்டுல மேற்கே இறங்கினா கொச்சிதான்.

எஞ்சினை மாட்டறதுக்கு முன்னாடி புதுப் பலகையை ஒரு வாரமாவது இறுக விடுங்க. அப்புறம் கரையோரமா, இடுப்பளவு தண்ணியில மெதுவா ஒரு ஓட்டம், திடீர்னு ஒரு ரிவர்ஸ், திரும்பி வந்து போல்ட்டுகளை மறுபடி ஒரு முடுக்கு. அன்னிக்கே சுத்தியலால ஒரு சுத்து தட்டி, அந்தச் சத்தத்தை செல்போன்ல ரெக்கார்டு பண்ணி வெச்சுக்குங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி தட்டும்போது, ரெண்டு சத்தத்தையும் அடுத்தடுத்து போட்டுக் கேட்டாப் போதும்.